ஒரு டம்ளர் போதும்

கேரளாவுக்குப் போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டுக்காரி, படகு வீட்டில் நின்று படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். நான் கிளம்பியது படகு வீட்டுக்கு அல்ல. என் அக்காவையும் மச்சானையும் அவர்கள் கட்டிய வீட்டிலேயே இருக்க விடலாமா கூடாதா என்று மறையூரில் ஒரு கூட்டம் முடிவு செய்யப் போகிறது. அந்தக் கூட்டத்துக்கு.

அக்கா ருக்மணி. அக்கா கணவர் சென்னியப்பன், கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. வயதான காலத்தில் ஆளுக்கொரு கூரையின் கீழ் முடங்கிக் கிடக்கக் கூடாது என்று மச்சான் எங்கெங்கோ தேடி ஆள் சேர்த்தார். கரூர் வீட்டை விற்றார்கள். மறையூருக்கு மேலே கரும்புக் காட்டை ஒட்டி எல்லோருமாக நிலம் வாங்கி, பத்துப் பன்னிரண்டு சின்ன வீடுகள், நடுவில் ஒரே சமையற்கட்டு, ஒரே சாப்பாட்டுக் கூடம் என்று கட்டினார்கள். ‘ஒரு பந்தி’ என்று பெயர் வைத்தது மச்சான்தான்.

நான் பெண்கள் விடுதியில் வார்டனாகவே தலை நரைத்தவள். கூடி வாழ்வது எப்படிப்பட்டது என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பக்கெட்டைத் தொட்டதற்குப் பேசாமல் போனவர்களை எனக்குத் தெரியும். “இது விடுதிதான் மச்சான், வார்டன் மட்டும் இல்லை” என்றேன் அப்போது. “வார்டன் இல்லாததுதான் விசேஷம் அம்மணி” என்று சிரித்தார். ஓய்வு பெற்றதும் நான் கரூரில் இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டினேன். என் அறைக்குக் கதவு உண்டு, உள்தாழ்ப்பாள் கிடையாது. தனியாக இருப்பவள் யாருக்குப் பயந்து தாழ்ப்பாள் போடுவது? வருகிறவர்களிடம் எல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

மச்சானுக்கு மறதி நோய் வந்து இரண்டு வருஷமாகிறது. போன வாரம் அக்கா போன் செய்தாள். “கண்ணு, வெள்ளிக்கிழம கூட்டம் வெச்சிருக்காங்க. எங்களப் பத்தித்தான். நீ சித்த வந்து கூட இரு. வர்ற வழியில கொழிஞ்சாம்பாறையில கொழுந்தனாரக் கண்டு, அங்க எடம் இருக்குமான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வா.” குரல் சாதாரணமாக இருந்தது. அக்கா குரல் சாதாரணமாக இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

பஸ் ஏறும்போது நான் ஒன்றை மட்டும் முடிவு செய்துகொண்டேன். என்ன நடந்தாலும், ‘என் வீட்டுக்கு வாருங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

எல்லை தாண்டியதும் போர்டுகள் மலையாளத்துக்கு மாறின. பக்கத்து சீட்டு அம்மாளின் பேச்சு மாறவே இல்லை. பொள்ளாச்சியில் ஆரம்பித்த மருமகள் புகாரை அதே கொங்குத் தமிழில் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் கொண்டுவந்து முடித்தார். “ஒரே ஊட்டுக்குள்ள இருந்துக்கிட்டு வாட்சப்புல சேதி சொல்றா, கேட்டுக்கங்க.” கேட்டுக்கொண்டேன். வேறு வழி?

மச்சானின் தம்பி நாச்சிமுத்துவின் வீடு தென்னந்தோப்புக்கு நடுவில் பெரிதாக நிற்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். மாடியில் நான்கு அறைகள், நான்கிலும் பூட்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சாப்பாட்டு வாசனை வந்தது. அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய், கத்தரிக்காய்ப் பொரியல், கட்டித் தயிர். இப்படிச் சாப்பிட்டு வெகுநாளாயிற்று. நான் ஒருத்திக்குச் சமைக்கும் ரசம் எனக்கே அலுத்துப்போன ரசம். வெட்கமில்லாமல் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன். நாச்சிமுத்துவின் மனைவி அள்ளி அள்ளி வைத்தார். உபசாரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கை கழுவியதும் விஷயத்தைச் சொன்னேன்.

“அதுக்கென்னங்க அம்மணி, இது அண்ணன் பொறந்த ஊடுங்க” என்றார் நாச்சிமுத்து. தோப்புப் பக்கம் கை காட்டினார். “ஆனா பாருங்க, கெணறு தொறந்து கெடக்குதுங்க. அண்ணன் பாட்டுக்கு நடந்து போயி ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நான் ஊருக்கு என்ன பதில் சொல்றதுங்க?”

“கிணத்துக்கு மூடி போட்டுரலாமுங்களே.”

“போடலாமுங்க.” தலையைச் சொறிந்தார். “பாக்கலாமுங்க.”

இந்தப் ‘பாக்கலாம்’ எனக்குத் தெரியாததா? விடுதிக் குழாயைச் சரி செய்யச் சொன்னபோதெல்லாம் இதைத்தான் கேட்டேன். சமையற்கட்டில் அவர் மனைவி யாரிடமோ போனில், “நமக்கெதுக்குங்க அந்தப் பாடு” என்று சொல்வது காதில் விழுந்தது. மறுநாள் விடிந்ததும் அண்ணனுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பை நிறைய மோர் மிளகாயும் மட்டை உரித்த தேங்காய்களும் பஸ் வரைக்கும் தூக்கி வந்து வைத்தார் நாச்சிமுத்து. அண்ணன்மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பாசம் பை அளவுக்கு இருந்தது.

உடுமலையிலிருந்து மறையூர் போகிற பஸ் சின்னாறு காட்டுக்குள் டயர் வெடித்து நின்றது. யானை வரும், யாரும் இறங்கக் கூடாது என்று நடத்துநர் மலையாளத்தில் கத்தினார். டிரைவர் மட்டும் இறங்கி டயரை ஓர் உதை உதைத்தார். உதைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு பெண் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தாள். பின் சீட்டுக்காரர் சட்டையில் பட்டுவிட, அவர் அவள் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டு மடங்காகத் திருப்பித் திட்டினாள். மாற்று டயர் போட்டு முடிப்பதற்குள் ஒருவர் மூட்டையை அவிழ்த்துப் பலாச்சுளைகளை எடுத்து எல்லோருக்கும் நீட்ட, திட்டினவரும் திட்டு வாங்கினவளும் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் கிடைத்தது. பலாச்சுளை கொஞ்சம் முற்றிப்போயிருந்தது.

மறையூரில் இறங்கினால் வெல்லம் காய்ச்சும் வாசனை ஆளைத் தூக்குகிறது. சக்கை எரிகிற புகை, கரும்புப் பால் கொதிக்கிற ஆவி, அதற்குப் பின்னால் கம்பி வேலிக்குள் காவல் காக்கப்படும் சந்தன மரங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டிருக்கிறார்கள். இத்தனை பத்திரமாக ஒரு மனிதனைப் பார்த்துக்கொண்டால் தேவலை என்று நினைத்தேன்.

ஜீப் ஓட்டி வந்தவர் பெயர் செபாஸ்டின். மூணாறு எஸ்டேட் லயத்தில், அதாவது ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாகத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் வீடுகளில், பிறந்தவர். “ஒரு பந்திக்கா போறிய? ஏறுங்க. அங்க ஒரு சத்தம் கேக்காதுல்லா. சண்ட போட்டாக்கூட மெல்லத்தான் போடுவாவ.”

“உங்க லயத்துல எப்படி?” என்றேன். அங்கே எல்லோரும் ஒற்றுமையாக இருப்போம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“அத ஏன் கேக்கிய! நடுவுல ஒரே சுவரு. பக்கத்து வீட்டுக்காரன் இருமுனா நமக்குத் தூக்கம் போச்சு. அங்கன இருக்க முடியாமத்தான் நான் மறையூருக்கு எறங்கி வந்தேன்.” கியரை மாற்றினார். “இவிய என்னன்னா துட்டு குடுத்து லயம் கட்டி வச்சிருக்காவ.”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அது ஒன்றுதான்.

ஒரு பந்தியின் நுழைவாயிலில் கேட் கிடையாது. ‘வருகிறவரே, இது உங்கள் வீடு’ என்று இரண்டு மொழியில் பலகை. வீடுகளுக்குப் பூட்டும் தாழ்ப்பாளும் கிடையாது, யாரும் யார் வீட்டுக்குள்ளும் கூப்பிட்டுக்கொண்டே போகலாம் என்பது ஆரம்பத்தில் மச்சான் சொல்லிப் பூரித்துப்போன விஷயம். நான் உள்ளே நடந்து போனபோது திறந்திருந்த கதவுக்குக் கதவு உள்பக்கம் புதுப் பித்தளைத் தாழ்ப்பாள் மின்னியது. ஒரு வாசலில் மரத்தூள் இன்னும் பெருக்காமல் கிடந்தது.

மச்சான் வெள்ளை வேட்டி சட்டையில் பளிச்சென்று நின்றார். “வாங்க வார்டன் அம்மணி, சாப்டீங்களா?” என்றார். அடையாளம் கண்டுகொண்டாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “சாப்டேன் மச்சான்.” “வாங்க, எல்லாத்தையும் காட்டறேன். சாப்டீங்களா?”

கையைப் பிடித்து அழைத்துப் போனார். முதல் வீட்டுக் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. “ஆளில்ல போலிருக்குது” என்றார். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த கதவைத் தள்ளினார். “இங்கயும் ஆளில்ல.” உள்ளே பேசிக்கொண்டிருந்த டிவி சட்டென்று நின்றது. இப்படியே வரிசை முழுக்கப் போனோம். ஒவ்வொரு கதவிலும் அவர் முகத்தில் அதே ஆச்சரியம். எனக்குக் கதவுகளைக் காலால் எட்டி உதைக்க வேண்டும்போல் இருந்தது. அவர் கோபப்படவில்லை. “எல்லாரும் வெளிய போயிட்டாங்க. பாவம், பந்திக்கு நேரமாச்சு” என்று எனக்குச் சமாதானம் சொன்னார்.

பந்தி என்றால் நிஜமாகவே பந்திதான். கூடத்தில் நீளப் பாய் விரித்து எதிரெதிராக உட்காருகிறார்கள். உப்பு குறைந்த சிவப்பரிசிச் சோறு, பூண்டு இல்லாத ரசம். பூண்டு சேர்ப்பதா வேண்டாமா என்று இங்கே வருஷக்கணக்காகப் பேச்சு நடந்து இன்னும் முடியவில்லை என்றாள் அக்கா. பையிலிருந்த மோர் மிளகாயை வறுத்து வந்து வைத்தேன். ஒரு நிமிஷத்தில் தட்டு காலி. சண்டை பூண்டோடுதான் போலிருக்கிறது, காரத்தோடு இல்லை.

ஒவ்வொருவர் முன்னாலும் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர். கல்யாணச் சீர் பாத்திரத்தில் வெட்டுவதுபோல் அழகான எழுத்து. விருந்தாளியான எனக்குப் பெயரில்லாத டம்ளர். அந்த டம்ளர்தான் அங்கே சட்டம். கூட்டத்தில் ஒரு முடிவு எடுக்கும்போது எல்லோரும் டம்ளரை முன்னால் வைத்துக்கொள்வார்கள். நிமிர்ந்திருந்தால் சம்மதம். பிடிக்காதவர் வாய் திறக்கக்கூட வேண்டாம், டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் போதும். ஒரே ஒரு டம்ளர் கவிழ்ந்தாலும் அந்தப் பேச்சு அத்தோடு விழுந்தது. கை தூக்கி எண்ணுகிற கூட்டங்களிலேயே உத்தியோக காலத்தைக் கழித்த மச்சான் கொண்டுவந்த ஏற்பாடு இது. பத்துப் பேர் சேர்ந்து ஒருவனை அமுக்குவதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

அன்று மச்சானுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. ஆனால் அவரைத் தாண்டிப் போன ஒவ்வொருவரும் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். யாமினி என்கிற பெண், கோவையிலிருந்து கணவரோடு வந்து குடியேறியவள், கூட்டங்களை நடத்துகிறவள், என் பக்கத்தில் குனிந்து, “மாமா எங்களுக்கெல்லாம் அப்பா மாதிரிங்க்கா” என்றாள். குரல் அத்தனை மிருது. தொட்டால் ஒட்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்று சமையல் முறை அக்காவுடையது. தன்னை வெளியே அனுப்புவதா என்று பேசப் போகிறவர்களுக்குச் சாம்பார் வைப்பதற்காகச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன்.

“நடந்ததையும் சொல்லோணுமில்ல” என்றாள் அக்கா. “ரெண்டு தடவ கேஸ திருகி உட்டுட்டு வந்துட்டாரு. ஏலியாம்மா மூக்குல வாசம் பட்டுதோ, தப்பிச்சோம். அப்பறம் அவங்க ஊட்டுக்குள்ளயே போயிட்டாரு.”

ஏலியாம்மா தொடுபுழைக்காரர். நர்ஸாக இருந்தவர். தனி ஆள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவரும் வந்து, ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார். ஒளிக்காமல் மலையாளத்தில் சொன்னார். குளித்துவிட்டு வெளியே வந்தால் கட்டிலில் சேட்டன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து பார்த்து ‘காபி எங்க?’ என்கிறார். “நான் அலறிவிட்டேன். என் அலறலைக் கேட்டு அவர் பயந்து அழுதுவிட்டார். என் பிழைப்பே நோயாளிகளோடுதான். ஆனால் அது வார்டு. இது என் படுக்கையறை. அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் வைத்தேன். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வைத்தார்கள்.” உரித்த வெங்காயத்தைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து போனார். அவரை வெறுக்கலாம் என்று வந்திருந்த எனக்கு அதுவும் கைகூடவில்லை.

“நீ இன்னைக்கு டம்ளரக் கவுத்து வை அக்கா” என்றேன். “ஒரு டம்ளர் போதுமில்ல. அதோட முடிஞ்சது.”

அக்கா உரித்துக்கொண்டே இருந்தாள். “போன வருசம் மல்லிகான்னு ஒரு புள்ள இருந்துச்சு. புருசன் இல்ல. அவ மவன் குடிச்சுப்போட்டு வந்து வாசல்ல நின்னு கத்துவான். அவள அனுப்பறதுக்கும் இப்பிடித்தான் கூட்டம் போட்டாங்க. அவ தன்ற டம்ளரத் தொடாம ஒவ்வொருத்தர் டம்ளரா பாத்தா, கண்ணு. என்ற டம்ளரையும் பாத்தா.” வெங்காயத் தோலைத் திரட்டி ஓரமாக வைத்தாள். “என்றது நிமிந்துதான் இருந்துச்சு.”



கூட்டம் சாயங்காலம், டீ நேரத்தில். எல்லோருக்கும் வெல்லம் போட்ட டீ ஊற்றினார்கள். யாமினி கண்ணை மூடி ஒரு நிமிஷம் மௌனம் என்றாள். பிறகு ஆரம்பித்தாள். “இது யாரையும் வெளிய அனுப்பற கூட்டமில்லைங்க. மாமாவுக்கு எந்த எடம் பாதுகாப்போ, அந்த எடத்துக்கு அவர நாம அன்போட வழியனுப்பறோம்.”

அப்புறம் ஒவ்வொருவராகப் பேசினார்கள். எல்லோரும் மச்சானைப் புகழ்ந்தார்கள். அவர் இல்லாவிட்டால் இந்த இடமே இல்லை என்றார்கள். கோவையில் மில் நடத்தியவர் ஒருவர் கண் கலங்கினார். ஒரு வாக்கியமாவது ‘ஆனால்’ இல்லாமல் முடியாதா என்று காத்திருந்தேன். ஒன்றும் முடியவில்லை. மச்சான் நடுவில் உட்கார்ந்து, யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்பதுபோல் டீ குடித்துக்கொண்டிருந்தார். விடுதியில் ஒரு பெண்ணை அனுப்ப வேண்டுமென்றால் நான் நேராகக் கூப்பிட்டுச் சொல்வேன். அவள் அழுவாள், என்னைச் சபிப்பாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். அதில் ஒரு மரியாதை இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

“அப்ப எல்லாருக்கும் சம்மதங்களா?” என்றாள் யாமினி.

பார்வை பாய்க்கு இறங்கியது. எல்லா டம்ளரும் நிமிர்ந்திருந்தன. ஏலியாம்மாவின் கை அவர் டம்ளர்மேல் இருந்தது. எடுத்துவிட்டார். அக்காவின் கை மடியில் இருந்தது, அசையவில்லை.

மச்சான் கடைசி வாய் டீயைக் குடித்தார். டம்ளரைத் தன் முன்னால் கவிழ்த்து வைத்தார். அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார்.

யாமினி இன்னும் மிருதுவானாள். “மாமா, டீ போதுங்களா?”

“டீய ஆரு கேட்டா? நான் எங்கயும் போகல. இது நான் கட்டுன ஊடு.”

“நாம எதப் பத்திப் பேசறோம்னு தெரியுதுங்களா மாமா?”

“என்னப் பத்தி” என்றார் மச்சான்.

மில்காரர் தொண்டையைச் செருமினார். “புரிஞ்சு கவுத்தாத்தானுங்க அது எதிர்ப்பு. அவுரு இருக்கற நெலமையில இத எப்பிடிக் கணக்குல எடுக்கறது?”

எனக்குப் பொறுக்கவில்லை. “இதுக்குமேல என்னங்க புரியோணும்? ஒரு டம்ளர் போதும்னு வெச்சதே அவர்தானுங்களே! உங்க டம்ளர் நிமிந்திருக்குது, அது புரிஞ்சுதான் நிமிந்திருக்குதுங்களா?”

“நீங்க விருந்தாளிங்க்கா” என்றாள் யாமினி, சிரித்த முகம் மாறாமல்.

பெயரில்லாத என் டம்ளரை எடுத்து நானும் படீரென்று கவிழ்த்தேன். நான் டீயைத் தொட்டிருக்கவே இல்லை. அத்தனையும் பாயில் ஓடியது. யாரோ எழுந்து போய்த் துணி கொண்டுவந்து, எனக்கு வலிக்காமல் என் கையை நகர்த்திவிட்டுத் துடைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

பிறகு எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். “நீங்களே சொல்லுங்க ருக்மணிம்மா” என்றாள் யாமினி. கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டாள். உண்மையில் கெஞ்சினாள். அந்தக் கவிழ்ந்த டம்ளரைத் தாண்டிப் போக அவர்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. அதை நிமிர்த்த ஒரு கை வேண்டியிருந்தது.

அக்கா நகர்ந்து மச்சான் பக்கத்தில் போனாள். டம்ளரை அழுத்தியிருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். டம்ளரை நிமிர்த்தினாள். தன் டீயில் பாதியை அதில் ஊற்றினாள்.

“சூடா இருக்குதுங்க, மெல்லக் குடிங்க” என்றாள்.

அவர் குடித்தார். யாமினி கைகூப்பி எல்லோருக்கும் நன்றி சொன்னாள். அடுத்து, தண்ணீர்த் தொட்டி கழுவுவது இந்த மாதம் யார் முறை என்று பேச ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். “எதுக்கு அப்படிச் செஞ்ச? அவரே கவுத்து வெச்சாரே!”

“நாளைக்கு அவுரு மறந்துருவாரு” என்றாள். “கவுத்துன டம்ளரோட அந்தப் பந்தியில தெனமும் உக்காரப் போறது நானில்ல? எத்தன கதவு சாத்தறத நான் பாக்கறது?” பேசிக்கொண்டே பீரோவைத் திறந்து மச்சானின் சட்டைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். எங்கே போவது என்று அவள் என்னைக் கேட்கவில்லை. நாச்சிமுத்து என்ன சொன்னார் என்றும் கேட்கவில்லை. தேங்காயும் மோர் மிளகாயும் வந்ததைப் பார்த்தபோதே பதில் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். கேட்காததால் மாட்டிக்கொண்டேன்.

“கரூருக்குத்தான் போறோம். எடுத்து வை” என்றேன். எரிச்சலோடுதான் சொன்னேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

சனிக்கிழமை காலை செபாஸ்டின் ஜீப்போடு வந்தார். எந்த வீட்டுக் கதவும் திறக்கவில்லை. யாமினியின் வீட்டுக்காரர் மட்டும் வந்து, எல்லோர் சார்பிலும் என்று ஒரு துணிப்பை கொடுத்தார். உள்ளே மறையூர் உருண்டை வெல்லம், அதன்மேல் கழுவித் துடைத்த இரண்டு டம்ளர்கள். ஜீப் திரும்பும்போது ஏலியாம்மா ஓடிவந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மச்சான் அவர் தலையில் கை வைத்து, “அழுவாதீங்க, சாப்டீங்களா?” என்றார். அக்கா நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்புகிற பஸ்ஸின் டயர் வெடிக்கவில்லை, யானையும் வரவில்லை. மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்து சந்தோஷமாக வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார். கூட்டம் எப்போது என்று இரண்டு தடவை கேட்டார்.

கரூரில் இப்போது முன்னறை அவர்களுடையது. அக்கா வந்ததிலிருந்து ரசத்துக்கு ருசி வந்திருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். மச்சான் வீட்டுக்குள் நடக்கிறார், தெருவில் நடக்கிறார், நாங்கள் பின்னாலேயே நடக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரி படகு வீட்டுப் படம் எங்கே என்று கேட்டாள்.

ஒருநாள் மத்தியானம் தூங்கி எழுந்தேன். என் கட்டிலின் கால்மாட்டில் மச்சான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் புடவை முழங்காலுக்கு ஏறிக் கிடந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“காபி எங்க?” என்றார்.

நான் அலறவில்லை. எழுந்து போய்க் காபி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் கடைவீதிக்குப் போய்ப் பித்தளையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு, ஆசாரியையும் கையோடு கூட்டி வந்தேன். அவர் என் அறைக் கதவின் உள்பக்கத்தில் அதை வைத்துத் திருகிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றாள். மச்சான் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஆசாரியின் கையிலிருந்து ஒரு திருகாணி நழுவித் தரையில் உருண்டது.

அக்கா குனிந்து அதைத் தேடி எடுத்து அவரிடம் கொடுத்தாள்.